தலைப்பெழுத்தாகிப் போன ராமசாமி

ராமசாமி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1950கள் வரை தமிழ்நாட்டில் ஆண் குழந்தைகளுக்கு மிகப் பரவலாக வைக்கப்பட்ட பெயர்களில் ஒன்று. உழவர் வீட்டிலும் அக்கிரகாரத்திலும், வட்டிக்கடையிலும் ஜமீன் மாளிகையிலும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயன்களிலும் அந்தப் பெயர் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் நூறு ரூபாய் கடன் வாங்குகிறவர் ராமசாமி, கடன் கொடுக்கிறவர் கோவிந்தசாமி. பத்திர எழுத்தர்கள் வைத்திருந்த மாதிரிப் பத்திரங்களிலும் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் ராமசாமியாகவே இருப்பார். யாரென்று குறிப்பிடாமல் ஓர் ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் தமிழில் வாயில் வந்து விழுந்த பெயர் அது. 1970களுக்குப் பிறகு பிறந்தவர்களிடையே ஒரு ராமசாமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பெயர் இரண்டே தலைமுறையில் இப்படி வழக்கொழிந்தது எப்படி என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை அரைகுறையானது.

இந்த ஏற்ற இறக்கத்தைப் புள்ளிவிவரமாகக் காட்ட வழியில்லை. அமெரிக்காவில் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி, எந்தப் பெயர் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடுகிறது. இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதி கேட்டிருக்கிறது, மொழி கேட்கிறது, வீட்டுக்கூரை ஓடா ஓலையா என்றும் கேட்கிறது. ஊரில் எத்தனை ராமசாமி என்று எண்ணிச் சொன்னதில்லை. வாக்காளர் பட்டியலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையும் ஓரளவு கைகொடுக்கும். மற்றதெல்லாம் அந்தத் தலைமுறையின் நினைவில்தான் இருக்கிறது.

அந்த நினைவில் முதலில் வருவது வகுப்பறை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் கிராமத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, ஒரே வகுப்பில் மூன்று ராமசாமிகள் இருப்பது விசேஷமே அல்ல. வாத்தியார் வருகைப் பதிவேட்டை விரித்து 'ராமசாமி' என்று கூப்பிட்டால் மூன்று மூலையிலிருந்தும் 'உள்ளேன் ஐயா' வரும். அதற்காகத்தான் தலைப்பெழுத்து. க. ராமசாமி, மு. ராமசாமி, ப. ராமசாமி. தகப்பன் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கிவிட்டால் வாத்தியாரே 'பெரிய', 'சின்ன' என்று சேர்த்துக்கொள்வார். அந்த அடைமொழி பையன் கல்யாணம் செய்து பேரன் எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று கண்டிப்புள்ள தமிழாசிரியர் 'இராமசாமி' என்றுதான் எழுதுவார். அகர வரிசையில் பெயரெழுதும் பள்ளியில் அந்தப் பையன் பட்டியலின் தலைப்பக்கம் வந்துவிடுவான். அதே பையன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டியலுக்குப் போனதும் 'ஆர்' வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவான்.

பள்ளிக்கு வெளியே தலைப்பெழுத்து செல்லாது. ஊருக்குள் ஆளை அடையாளம் சொல்வது தொழிலும் தோற்றமும் வீடு இருந்த இடமும். நெட்டை ராமசாமி, மில்ட்ரி ராமசாமி, ரைஸ்மில் ராமசாமி, மேலவீட்டு ராமசாமி, பினாங்கு ராமசாமி. தபால்காரருக்கு இதெல்லாம் மனப்பாடம். வெறும் 'ராமசாமி' என்று முகவரியிட்டு மணியார்டர் வந்தால், அனுப்பியவர் ஊரைப் பார்த்து எந்த ராமசாமிக்கு அங்கே மகன் இருக்கிறான் என்று கணக்குப் போட்டுச் சரியான வீட்டில் கொடுத்துவிடுவார். இத்தனை பேருக்கும் ஒரே பெயர் என்பதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. பெயர் என்பது பிள்ளையைத் தனித்துக் காட்டுவதற்கு என்ற எண்ணமே பின்னால் வந்தது.

வீட்டுக்குள் அந்தப் பெயருக்கு வேறொரு வாழ்க்கை. கணவன் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்பது அன்று பெரும்பாலான வீடுகளில் எழுதாத சட்டம். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு.

"ஏம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?"

"அவுக பேரா... வில்லு வச்சிருக்கிற சாமி பேருதான்."

"ராமனா?"

"அதோட சாமியச் சேத்துக்கங்க."

ராமசாமியின் மனைவிக்காவது இப்படிச் சொல்லித் தப்ப வழி இருந்தது. சாமி என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் 'கும்புடுறது' என்று சொல்லி முடித்துக்கொண்ட கிழவிகளும் உண்டு. மாமனார் பெயரும் இதே கணக்கில் சேரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீட்டில், பெற்ற பிள்ளையை அவன் பெயர் சொல்லித் தாய் கூப்பிட முடியாது. அதனால் பதிவேட்டில் ராமசாமி, வீட்டில் ராசு. அல்லது துரை, தம்பி, பெரியவன். ஏட்டில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தது இன்றைய 'செல்லப் பெயர்' மோகத்தால் அல்ல. அன்று அது மரியாதை சம்பந்தப்பட்ட ஏற்பாடு.

பெயரின் வேர் நாயக்கர் காலத்தில் இருக்கிறது. ராமன் என்ற பெயர் தமிழகத்தில் அதற்கு முன்பே உண்டு. ஆனால் ராமனைத் தனித் தெய்வமாக வைத்துப் பெரிய கோயில் கட்டுவதும், தெய்வப் பெயரோடு 'சாமி' சேர்த்துப் பிள்ளைக்கு வைப்பதும் விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளோடு சேர்ந்து பரவியவை. கும்பகோணம் ராமசாமி கோயில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. ராமனும் சீதையும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்திருக்க, பிராகாரச் சுவர் முழுக்க ராமாயண ஓவியம். தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு தெற்கே வந்து குடியேறிய குடும்பங்கள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தன. பக்கத்துத் தெருவிலிருந்த தமிழ்க் குடும்பங்களும் அதை எடுத்துக்கொண்டன. சைவ வைணவப் பேதம் இதில் பெரிதாகக் குறுக்கிடவில்லை. அண்ணன் முருகேசனாகவும் தம்பி ராமசாமியாகவும் இருக்கிற வீடுகள் ஏராளம்.

ஒருமுறை நுழைந்த பெயர் தானாகவே நிலைத்ததற்குக் காரணம் தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைக்கிற முறை. 1860இல் பிறந்த ராமசாமிக்கு மகன் பழனிச்சாமி என்றால், 1910 வாக்கில் பிறக்கும் பேரன் மறுபடியும் ராமசாமி. யாரும் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்து, நால்வரும் தகப்பன் பெயரைத் தங்கள் மூத்த பையனுக்கு வைத்தால் நான்கு ராமசாமிகள். வகுப்பில் மூன்று பேர் ஒரே பெயரோடு உட்கார்ந்திருந்த கதை இப்படி உண்டானதுதான். அவர்களில் இருவர் பங்காளிகளாக இருப்பார்கள்.

பெயர் எவ்வளவு அகலமாகப் பரவியிருந்தது என்பதைப் பொதுவாழ்வில் இருந்த ராமசாமிகளை வரிசைப்படுத்தினாலே தெரியும். 1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் வணிகர் வெங்கட்ட நாயக்கர் வீட்டில் ஈ.வெ. ராமசாமி பிறந்தார். இரண்டு மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், வந்தவாசியில் சி.பி. ராமசாமி ஐயர் பிறந்தார். ஒருவர் பின்னாளில் பெரியார். மற்றவர் திருவாங்கூர் திவான். அரசியலில் ஒரு துருவத்துக்கு ஒருவராக நின்ற இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றுதான். 1887இல் கர்நூலில் பிறந்த இரட்டையர்களுக்கு ராமசாமி, லட்சுமணசாமி என்று பெயர். ஆற்காடு ராமசாமி முதலியார் நீதிக்கட்சித் தலைவராக இருந்து, 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தர். இரட்டைப் பிள்ளை ஆணாகப் பிறந்தால் வேறு பெயரை யோசிக்காத காலம் அது.

சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1951இல் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கியவர் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியார். மணிக்கொடி இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான வ.ரா. பிறப்பால் ராமசாமி ஐயங்கார். பிறகு வி.கே. ராமசாமி, சோ ராமசாமி, சுந்தர ராமசாமி, எம்.ஏ.எம். ராமசாமி. நாடகம், பத்திரிகை, நாவல், குதிரைப் பந்தயம் என்று துறைகள்தான் வேறு. டென்னிஸில் டேவிஸ் கோப்பையும் கிரிக்கெட்டில் டெஸ்டும் இரண்டுமே ஆடிய கோட்டா ராமசாமி, நாற்பது வயதில் 1936இல் டெஸ்டில் அறிமுகமானவர். 1985இல் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. நாயக்கர், ஐயர், ஐயங்கார், முதலியார், ரெட்டியார், படையாச்சி, செட்டியார் என்று இத்தனை பட்டங்களுக்கு முன்னாலும் உறுத்தாமல் நிற்கக்கூடிய பெயர்கள் தமிழில் அதிகம் இல்லை.

எல்லோருக்கும் பொதுவான பெயர் என்றாலும் எழுதும் விதத்தில் வேறுபாடு இருந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்வாமி' என்று ஒலிக்க எழுதுவது பெரும்பாலும் பிராமணரும் ஆங்கிலம் படித்த மேல்தட்டினரும். 'சாமி' என்று எழுதுவது மற்றவர்கள். இது கறாரான விதி அல்ல. பள்ளியில் சேர்த்துவிட்ட வாத்தியாரின் கையெழுத்துத்தான் பல பேருக்கு எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்தது. அதைவிடக் கனமான வேறுபாடு பெயரின் வாலில் இருந்தது. பல கிராமங்களில் சேரியில் பிறந்த பிள்ளைக்குச் 'சாமி' என்று முடிகிற பெயரை வைக்க விடமாட்டார்கள். குப்பன், சுப்பன், மாரி, முனியன், ராமன் என்ற அளவில் நிற்க வேண்டும். துணிந்து ராமசாமி என்று வைத்தாலும் பண்ணையார் வாயில் அது 'டேய் ராமா' ஆகிவிடும். பண்ணையாள் ஒருவனைச் 'சாமி' என்று கூப்பிட நேருவதைச் சகித்துக்கொள்ளாத சமூகம் அது. ஆகவே வாக்காளர் பட்டியல்களைப் பார்த்துப் பெயர்க் கணக்கு எடுக்க முனைகிறவர்கள், ஒரு பெயர் ஒரு தெருவில் ஏன் இல்லை என்பதற்கு ரசனையைக் காரணம் காட்டிவிடக் கூடாது.

நிலப்பரப்பிலும் பெயர் சீராகப் பரவியிருக்கவில்லை. கோவை, ஈரோடு, சேலம் வட்டாரம் 'சாமி'களின் சீமை. பழனிச்சாமி, கந்தசாமி, முத்துசாமி, சின்னசாமி, பெரியசாமி ஆகியோர் நடுவே ராமசாமி. தெற்கே போகப் போகப் பாண்டி, மாடசாமி, சுடலைமுத்து என்று கூட்டம் மாறும். யாழ்ப்பாணத்தில் நாதன், லிங்கம், அம்பலம் என்று முடியும் சைவப் பெயர்களின் செல்வாக்கு அதிகம். அங்கே ராமநாதனும் ராமலிங்கமும் உண்டு, ராமசாமி அருகித்தான். மலையகத்துக்கு வந்தால் மறுபடியும் ராமசாமி. கத்தோலிக்கர்கள் சாமியை விடாமல் முன்பாதியை மட்டும் மாற்றிக்கொண்டு ஆரோக்கியசாமி, அந்தோணிசாமி ஆனார்கள். பெண்களுக்கு ராமாயி, ராமாத்தாள், ராமலட்சுமி. இவற்றில் முதல் இரண்டும் ராமசாமிக்கு முன்பே, சத்தமில்லாமல், மறைந்துவிட்டன. பேத்திக்குப் பாட்டி பெயரை வைப்பதில் அந்தக் கட்டாயம் இல்லாததும், பெண் பெயரில்தான் முதலில் புது மோஸ்தர் நுழையும் என்பதும் காரணங்கள்.

கடல் கடந்ததும் இந்தப் பெயருக்கு நேர்ந்தது தனிக்கதை. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் ராமசாமிக்கு ஓர் இடம் உண்டு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு வழக்கு அவருக்கு அத்துபடி. இரண்டு பொருள் தந்திருக்கிறார்கள். ஒன்று, இந்துக்களைப் பொதுவாகக் குறிக்கும் பெயர். குறிப்பாக இலங்கை போன்ற இடங்களுக்குப் போன கூலிகளைக் குறிப்பது. இன்னொன்று, சுருட்டுப் பற்றவைக்க நெருப்பு வைத்திருக்கும், குழாய்க்குள் அடைத்த பஞ்சுத்திரி. பல சமயம் அந்தக் குழாய் வெள்ளி வேலைப்பாடு கொண்டதாக இருக்குமாம். துரை சுருட்டை வாயில் வைத்ததும் நெருப்போடு வந்து நிற்கிறவன் பெயர் ராமசாமி. நாளடைவில் அவன் கையிலிருந்த பொருளுக்கும் அதே பெயர் வந்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் பெயர் முதலில் ஒரு கூட்டத்தின் பெயராகி, பிறகு ஒரு சாமானின் பெயரான இந்தச் சரிவை அகராதி ஒரு சுவையான தகவலாகத்தான் பதிந்து வைத்திருக்கிறது. படிக்கிற தமிழனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இன்னும் சுருங்கியது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. ராமசாமி, கோவிந்தசாமி, முனுசாமி என்று வரிசையாக வந்ததைக் கேட்ட வெள்ளையர்கள், எந்த இந்தியரையும் 'சாமி' என்று ஏளனமாகக் கூப்பிடப் பழகினார்கள். காந்தி தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான், அப்படியானால் நான் உனக்கு எஜமானா என்று சில இந்தியர்கள் திருப்பிக் கேட்பார்களாம். கேட்ட வெள்ளையருக்கு முகம் சுருங்கும், சிலருக்குக் கோபம் வந்து அடிக்கவும் கை ஓங்குவார்கள்.

கூலிகளைக் கப்பலேற்றும் டிப்போவில் பெயர் எழுதிய குமாஸ்தாவுக்குத் தகப்பன் பெயர், பிள்ளை பெயர், ஊர்ப் பெயர் என்ற பாகுபாடு தெரியாது. அவன் காதில் விழுந்ததை எழுதினான். மொரிஷியஸிலும் ரீயூனியனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படி எழுதப்பட்ட பாட்டன் பெயரே குடும்பப் பெயராகி நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்கா மறுபடியும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டு 1992இல் பார்சலோனாவுக்குப் போனபோது அணியை வழிநடத்தியவர், நிறவெறிக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்தை வெளிநாட்டிலிருந்து நடத்திய சாம் ராம்சாமி. 2017இல் ரீயூனியனிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாதியா ராமசாமி. ஒரு பெண்ணுக்கு ராமசாமி என்ற பெயர் இருப்பது தமிழ்நாட்டுக் காதுக்குப் புதிது. அங்கே அது நூறாண்டுப் பழசு. மலாயாவில் மட்டும் 'இன்னாரின் மகன்' என்று சேர்த்து எழுதும் முறை இருந்ததால் பெயர் பெயராகவே பிழைத்தது. 2008 முதல் 2023 வரை பினாங்கின் துணை முதலமைச்சராக இருந்த பேராசிரியர் பி. ராமசாமியின் தந்தை பெயர் பழனிச்சாமி. கொங்கு நாட்டு வாக்காளர் பட்டியலிலிருந்து கிழித்தெடுத்த வரி என்றே தோன்றும்.

தமிழ்நாட்டில் பெயர் வீழ்ந்ததற்குத் திராவிட இயக்கத்தைக் காரணம் சொல்வது வழக்கம். ஓரளவு உண்மை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் சுயமரியாதை இயக்கமும் பெயர் மாற்றத்தை ஓர் அரசியல் செயலாகவே ஆக்கின. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். பெரியார் கையால் பெயர் வைத்துக்கொண்ட குழந்தைகளில் மாஸ்கோவும் ரஷ்யாவும் உண்டு. ராமாயணத்தைக் கடுமையாகத் தாக்கி, 1956இல் ராமன் படத்தை எரிக்கும் போராட்டமே நடத்திய அவர், தம் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நாயக்கர் என்ற பட்டத்தை உதறினார். ராமசாமி அப்படியே இருந்தது. 1938இல் பெண்கள் மாநாடு 'பெரியார்' என்ற பட்டம் கொடுத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லும் தேவையே மற்றவர்களுக்குக் குறைந்துபோனது. தொண்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெரியார்செல்வன் என்று வைத்தார்கள். ராமசாமி என்று வைத்தவர்கள் சொற்பம்.

அவர் குடும்பமே நல்ல சாட்சி. அண்ணன் பெயர் கிருஷ்ணசாமி. கிருஷ்ணசாமியின் மகன், 1926இல் பிறந்தவர், சம்பத். சம்பத்தின் மகன், 1948இல் பிறந்தவர், இளங்கோவன். இளங்கோவனின் மகன், சட்டமன்ற உறுப்பினராக இருந்து 2023 ஜனவரியில் காலமானவர், திருமகன் ஈவெரா. ஈ.வெ.கி.ச. இளங்கோவன் என்ற பெயரில் ஊர், கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று எல்லோரும் எழுத்துகளாக வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த தலைமுறையில் எழுத்துகளே கூடி ஒரு பெயராகிவிட்டன. ராமசாமி அங்கே 'ரா' என்ற ஓரெழுத்தாக இருக்கிறார்.

ஆனால் கொள்கை மட்டுமே காரணம் என்றால், அந்த இயக்கத்தின் காற்றே படாத வீடுகளில் இந்தப் பெயர் நிலைத்திருக்க வேண்டும். நிலைக்கவில்லை. காங்கிரஸ்காரர் வீட்டிலும், நித்தியம் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் வீட்டிலும் 1960களிலிருந்தே பிள்ளைகள் ரமேஷ், சுரேஷ், ராஜேஷ், ஸ்ரீராம், ராம்குமார், ராகவன் ஆனார்கள். ராமன் போகவில்லை, 'சாமி'தான் போனது. சாமி என்று முடிந்தால் பட்டிக்காடு என்ற எண்ணம் வந்துவிட்டது. கந்தசாமியும் முத்துசாமியும் சேர்ந்தே அடிபட்டார்கள். பக்தி குறைந்ததால் இது நிகழ்ந்ததாகச் சொல்லவே முடியாது. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் அதே காலத்தில் பிள்ளைகளுக்கு ராமச்சந்திரன் என்று ஆசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான காரணம், தாத்தா பெயர் வைக்கும் முறை தளர்ந்தது. கூட்டுக் குடும்பம் பிரிந்து, அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கிற ஊரில் தனி வீடு எடுத்ததும், பெயர் வைக்கும் உரிமை கிழவர் கையிலிருந்து நழுவியது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது அடுத்த அடி. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒன்றுக்குத் தாத்தா பெயர் வைத்துவிட்டு மற்றவற்றுக்கு ஆசைப்பட்டதை வைக்கலாம். ஒன்று அல்லது இரண்டுதான் என்றானபோது ஆசை முந்திக்கொண்டது. பெயர் தனியாக, வேறு யாருக்கும் இல்லாததாக இருக்க வேண்டும் என்ற ஆசை அதன்பின் வந்தது. இன்று எண்கணிதம் பார்த்துச் சேர்க்கும் கூடுதல் எழுத்துவரை அது வளர்ந்திருக்கிறது. குஞ்சிதபாதம் என்ற பெயரால் கேலிக்கு ஆளாகி ஹரிஷ் என்று மாற்றிக்கொள்ளும் நாயகனை வைத்து 2013இல் 'எதிர் நீச்சல்' என்று ஒரு படமே வந்தது. ராமசாமிக்கு அந்த அளவு கேலி இல்லை. நரைத்துப்போன பெயர் என்ற முத்திரைதான்.

சென்னை ராயபுரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முழுப்பெயர் ராஜா சர் ராமசாமி முதலியார் மருத்துவமனை. வடசென்னையில் அதற்கு 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்றுதான் பெயர். அங்கே பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டாவது 'ஆர்' ஒரு ராமசாமி என்று தெரிந்திருக்காது. சத்திரமும் மருத்துவமனையும் கட்டி வைத்த சவலை ராமசாமி முதலியார் நாலெழுத்தில் அடங்கிவிட்டார்.

தமிழ்ப் பெயர்முறையில் இது இயல்பாக நடப்பதுதான். மகனுக்கு வேறு பெயர் வைத்ததும் தகப்பன் எழுத்தாகிவிடுவார். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் 'ஆர்' ராமசாமிதான். அன்று பேரன் வந்து எழுத்தை மறுபடியும் பெயராக்குவான் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது அந்தச் சுற்று நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே 'ஆர்' என்ற தலைப்பெழுத்து எத்தனையோ பேருக்கு ராமசாமியைக் குறிக்கிறது. அவர்கள் பேரப் பிள்ளைகளின் பெயரில் அந்த எழுத்தும் இராது.

வாக்காளர் பட்டியலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றின் எந்தப் பாகத்தைப் புரட்டினாலும் ராமசாமி தென்படுவார். வாக்காளர் பெயர் என்ற இடத்தில் அறுபது, எழுபது வயதுக்காரராக, தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் அதைவிட அதிகமாக. இருபது வயதுக்காரர்களின் வரிசையில் தந்தை பெயராகக்கூட வருவது குறைந்துவிட்டது; அங்கே இருப்பவர்கள் சுரேஷும் செந்தில்குமாரும்.

வெளிநாட்டில் மட்டும் பெயர் மறுபடியும் எழுந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. தமிழருக்கு அப்படி ஒன்று இல்லாததால் தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பன் பெயரை அங்கே எழுதுகிறார்கள். விமானம் ஏறுகிற சுரேஷ், அந்தப் பக்கம் இறங்கியதும் மிஸ்டர் ராமசாமி ஆகிவிடுகிறார். அவருக்கு அங்கே பிறக்கும் மகளும் ராமசாமிதான். அமெரிக்க அரசியலில் பெயர் அடிபடும் விவேக் ராமசாமி 1985இல் சின்சினாட்டியில் பிறந்தவர்; பெற்றோர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினர். டிப்போ குமாஸ்தா 1860இல் செய்ததை இன்று விண்ணப்பப் படிவம் செய்கிறது. அன்று கூலிக்குப் போனவர்கள் கேட்காமலே கிடைத்தது. இன்று படித்துப் போகிறவர்கள் கையால் எழுதிக் கொடுக்கிறார்கள். இன்னும் முப்பது ஆண்டுகளில் ராமசாமி என்ற பெயருள்ளவர்கள் தமிழ்நாட்டைவிட டர்பனிலும் ரீயூனியனிலும் அமெரிக்காவிலும்தான் எளிதில் கிடைப்பார்கள்.